தோசைக்கல்லைப் பழக்குவது போல

புதுத் தோசைக்கல் வாங்கி வந்த அன்றைக்கே நாலு பேரை விருந்துக்கு அழைத்து, அதில் தோசை வார்த்துப் போடும் துணிச்சல் எந்தக் குடும்பத் தலைவிக்கும் வராது. கடைக்காரர் என்னதான் சத்தியம் செய்து கொடுத்திருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் கல்லைத் தேய்த்துக் கழுவ வேண்டும்; கஞ்சித் தண்ணீரில் ஊறப் போட வேண்டும்; நல்லெண்ணெய் தடவி மெல்லிய தணலில் காயவைக்க வேண்டும்; வெங்காயத்தைப் பாதியாக நறுக்கித் தேய்க்க வேண்டும். இப்படி நாலைந்து நாள் அதோடு மல்லுக்கட்டிய பிறகுதான் முதல் தோசை. அதுவும் கல்லோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கும். இரண்டாவது கிழிந்து வரும். அதற்கப்புறம்தான் கல் நம் பேச்சைக் கேட்கத் தொடங்கும். நடுவில் யாராவது அவசரப்பட்டு அடுப்பைப் பெரிதாக எரியவிட்டால், செய்த வேலையெல்லாம் வீண். மறுபடியும் எண்ணெயிலிருந்து ஆரம்பம்.

இதைக் கல்லைப் பழக்குவது என்று சொல்லுகிறோம். கோடிக்கணக்கில் விலை பெறும் சில யந்திரங்களையும், பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் ஏறக்குறைய இதே மாதிரிதான் பழக்குகிறார்கள் என்றால் நம்புவீர்களா? அந்தக் கதைதான் இந்த வாரம்.

"எங்கேயோ விஞ்ஞானிகள் செய்கிற காரியம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை செய்கிற அறைக்கு வெளியே, பெஞ்சியில் காத்திருக்கும் அனுபவம் நம் குடும்பங்களில் பலருக்கு உண்டு. உள்ளே இருக்கும் அந்த யந்திரம் நான் சொல்லப் போகிற பெரிய யந்திரங்களின் பேத்தி. பாட்டிக்குச் செய்த சோதனைகள்தான் பேத்தியை நம்பலாமா, கூடாதா என்று தீர்மானிக்கின்றன.

ஊஞ்சலும் குடமும்

முதலில் யந்திரம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

குழந்தையை ஊஞ்சலில் வைத்து ஆட்டுகிறீர்கள். ஒரே தள்ளில் உத்தரம் வரைக்கும் தள்ளிவிட முடியுமா? முடியாது, முயன்றால் குழந்தை விழும். ஊஞ்சல் வந்து திரும்புகிற சரியான கணத்தில், ஒவ்வொரு தடவையும் சின்னதாக ஒரு தள்ளு. பத்துத் தள்ளில் ஊஞ்சல் தானாக உயரே போய்விடுகிறது.

எலெக்ட்ரான் போன்ற நுண்ணிய துகள்களை மகா வேகத்துக்குக் கொண்டுபோகும் யந்திரத்தின் யுக்தியும் இதுதான். செம்பினால் செய்த சின்னச் சின்னக் குடங்களை, அடியில் துளையிட்டு, வரிசையாகக் கோத்து வைத்ததாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உள்ளே காற்று துளியும் இல்லாத வெற்றிடம். வெறும் குடத்தின் வாயில் ஊதினால் 'ஊம்' என்று ஒரு நாதம் வருகிறதே, அது அந்தக் குடத்துக்கே உரிய சுருதி. அதே மாதிரி இந்தச் செப்புக் குடங்களுக்கும் ஒரு சுருதி உண்டு. அந்தச் சுருதிக்குப் பொருத்தமான ரேடியோ அலையை உள்ளே விட்டால், குடத்துக்குள் மின்சக்தி முன்னும் பின்னுமாக ஊஞ்சலாடுகிறது. சரியான கணத்தில் உள்ளே நுழைகிற எலெக்ட்ரானுக்கு ஒவ்வொரு குடமும் ஒரு தள்ளுக் கொடுக்கிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில், ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த இடத்தில், 1962-இல் இப்படிப்பட்ட ஒரு யந்திரத்தைக் கட்ட ஆரம்பித்தார்கள். அதன் நீளம் என்ன தெரியுமா? இரண்டு மைல்! சுமார் 3.2 கிலோமீட்டர். தரைக்குக் கீழே 25 அடி ஆழத்தில், பத்தடி நீளமுள்ள செப்புக் குழாய்கள் 960-ஐ ஒன்றன் பின் ஒன்றாகப் பூட்டினார்கள். 1966-ஆம் வருஷம் மே மாதத்தில் எலெக்ட்ரான்கள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு முதன்முதலாக ஓடின. அடுத்த சில வருஷங்களில் அங்கே நடந்த ஆராய்ச்சியில்தான், புரோட்டான் என்பது பிளக்க முடியாத உருண்டை அல்ல, அதற்குள்ளும் குவார்க் என்ற குட்டிகள் உண்டு என்பதற்கு அடையாளம் கிடைத்தது. அதற்கு 1990-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

இந்தக் குடங்களுக்கெல்லாம் ரேடியோ அலையை ஊட்டியது யார்? தரைக்கு மேலே இரண்டு மைல் நீளத்துக்கு ஒரு கூடம். அதில் வரிசையாக 245 கிளைஸ்ட்ரான் குழாய்கள். கிளைஸ்ட்ரான் என்ற இந்த விசித்திரப் பெயருக்குரியதுதான் நம் கதாநாயகி.

நூறு டாலர் கண்டுபிடிப்பு

ரஸ்ஸல் வேரியன், சிகர்டு வேரியன் என்று இரண்டு சகோதரர்கள். மூத்தவர் பௌதிகம் படித்தவர். இளையவர் ஆகாய விமானம் ஓட்டுகிறவர். மத்திய அமெரிக்காவின் மலைகளுக்கு மேல் மழையிலும் மேகத்திலும் பறந்து பழகியவர். இருட்டிலும் மேகத்திலும் மறைந்து வருகிற விமானத்தைத் தரையிலிருந்தே கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டும் என்பது அவருடைய ஏக்கம். ஐரோப்பாவில் யுத்த மேகங்கள் சூழ்ந்துகொண்டிருந்த காலம் அது.

ஸ்டான்போர்டு சர்வகலாசாலை இந்தச் சகோதரர்களோடு ஒரு வேடிக்கையான ஒப்பந்தம் செய்துகொண்டது. சம்பளம் கிடையாது, சோதனைச்சாலையை உபயோகித்துக்கொள்ளலாம், சாமான்கள் வாங்க 100 டாலர், கண்டுபிடிப்பினால் வருமானம் வந்தால் ஆளுக்குப் பாதி! ரஸ்ஸலின் பழைய அறைத் தோழரான பேராசிரியர் வில்லியம் ஹான்சன் என்பவர், மேலே சொன்ன செப்புக் குடத்தை ஏற்கெனவே உருவாக்கி வைத்திருந்தார். அந்தக் குடத்தைக் கொண்டே 1937-இல் சகோதரர்கள் கிளைஸ்ட்ரானை உண்டாக்கினார்கள். பெயர் வைத்தவர் அங்கே கிரேக்க மொழி கற்பித்துக்கொண்டிருந்த பேராசிரியர் ஹெர்மன் பிராங்கல். கரையில் அலை வந்து மோதுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை எடுத்தார்.

பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! கிளைஸ்ட்ரானுக்குள் எலெக்ட்ரான்கள் ஒரே சீராக ஆறு போல ஓடி வருகின்றன. வழியில் முதல் குடம். அதில் ஆடிக்கொண்டிருக்கும் சிறிய அலை, சில எலெக்ட்ரான்களைக் கொஞ்சம் முடுக்குகிறது. சிலவற்றைக் கொஞ்சம் தடுக்கிறது. பின்னால் வருகிற வேகக்காரர்கள் முன்னால் போகிற மந்தக்காரர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். காலையில் ஒரே இடைவெளி விட்டுப் புறப்பட்ட பஸ்கள், போகப் போக மூன்று மூன்றாகச் சேர்ந்து வந்து நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே கதைதான். இப்படிக் கும்பல் கும்பலாகச் சேர்ந்த எலெக்ட்ரான்கள் கடைசிக் குடத்தில் வந்து, கரையில் அலை மோதுகிற மாதிரி, தாளம் தப்பாமல் மோதுகின்றன. அங்கே பிறக்கும் அலை, முதல் குடத்தில் விட்ட அலையைவிடப் பன்மடங்கு பெரிது.

ஹான்சனின் ஆசை யுத்தத்துக்கு அப்பாற்பட்டது. கிளைஸ்ட்ரானைக் கொண்டு துகள்களை முடுக்க வேண்டும் என்பது அவர் கனவு. ஆனால் அதற்கு அப்போதிருந்த கிளைஸ்ட்ரான்களைப் போல் ஆயிரம் மடங்கு சக்தி வேண்டும். பத்து மடங்கு என்றாலே தொழில்காரர்கள் தலையைச் சொறிவார்கள். ஆயிரம் மடங்குக்குத் துணிந்தார்கள் எட்வர்டு கின்ஸ்டனும் மார்வின் சோடரோவும். 1949-இல் அந்த ராட்சசக் குழாய் சோதனையில் ஓடியது. அதே வருஷம் மே மாதத்தில் ஹான்சன் நுரையீரல் நோயால் காலமானார். வயது நாற்பது நிறையவில்லை.

வெந்நீர்தான் சாட்சி

இரண்டு மைல் கூடத்திலிருந்த கிளைஸ்ட்ரான் ஒவ்வொன்றும் 24 மெகாவாட் வரை சக்தி கொடுக்கக்கூடியது. நம் வீடுகளில் இப்போது வந்திருக்கிற மைக்ரோவேவ் அடுப்பு 800 வாட் என்று வைத்துக்கொண்டால், 30,000 அடுப்புகள் சேர்ந்தால்தான் ஒரு கிளைஸ்ட்ரானுக்கு ஈடாகும். ஆனால் அந்தச் சக்தி தொடர்ந்து வருவதல்ல. ஒரு வினாடியைப் பத்து லட்சம் பங்காக்கினால், அதில் இரண்டரைப் பங்கு நேரமே ஒரு துடிப்பு. வினாடிக்கு அதிகபட்சம் 360 துடிப்புகள். சராசரியாகப் பார்த்தால் 22 கிலோவாட் அளவில் நின்றுவிடுகிறது.

ஆனாலும் அந்தக் கணநேரச் சக்தி போதும், எதையும் பொசுக்கிவிட! ஆகவேதான் புதிதாகச் செய்த கிளைஸ்ட்ரானை நேராகக் கொண்டுபோய் முடுக்கியில் மாட்டுவதில்லை. முதலில் சோதனைக்கூடம்.

சோதனைக்கூடத்தில் முதல் கேள்வி: இது சொன்ன அளவு சக்தி கொடுக்கிறதா? அதை அளக்க ஆயிரம் நுட்பமான கருவிகள் இருந்தாலும், கடைசியில் எல்லாரும் நம்புகிற சாட்சி எது தெரியுமா? வெந்நீர்! கிளைஸ்ட்ரானிலிருந்து வருகிற அலையை முழுவதும் ஒரு தண்ணீர்த் தொட்டியில் செலுத்துகிறார்கள். தண்ணீர் குழாய் வழியே ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே போகும்போது எவ்வளவு சூடு, வெளியே வரும்போது எவ்வளவு சூடு என்று பார்க்கிறார்கள். வினாடிக்கு ஒரு லிட்டர் ஓடும் தண்ணீரில் ஒரு டிகிரி சூடு ஏறினால், வந்த சக்தி 4.2 கிலோவாட். 24 டிகிரி ஏறினால் சுமார் 100 கிலோவாட். கோடி ரூபாய்ச் சாமான் நல்லதா, கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வது வெந்நீர் அண்டாக் கணக்குதான்!

இரண்டாவது கேள்வி: ஏதாவது விபரீதம் நேர்ந்தால் குழாய் பிழைக்குமா? கிளைஸ்ட்ரானுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியில் பல்லாயிரக்கணக்கான வோல்ட் காத்திருக்கிறது. ஜெனீவாவில் உள்ள ஸெர்ன் நிலையத்தின் பெரிய வளையத்தில் 16 கிளைஸ்ட்ரான்கள் இருக்கின்றன; அவை வேலை செய்யும் அழுத்தம் 50,000 வோல்ட்டுக்கும் மேல். குழாய்க்குள்ளே தப்பித்தவறி ஒரு பொறி பறந்தால், பெட்டியில் தேங்கியிருக்கும் மின்சாரமெல்லாம் அந்தப் பொறி வழியாகப் பாய்ந்து குழாயை நாசமாக்கிவிடும். அதற்கு முன் மின்சாரத்தை வேறு வழியில் திருப்பிவிட ஒரு காவல் ஏற்பாடு உண்டு. அந்தக் காவல்காரன் விழித்திருக்கிறானா என்று எப்படிப் பார்ப்பது?

இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். தலைமயிர் போன்ற மெல்லிய செப்புக் கம்பி ஒன்றை எடுத்து, கிளைஸ்ட்ரான் இருக்க வேண்டிய இடத்தில் கட்டுகிறார்கள். பிறகு முழு மின் அழுத்தத்தையும் அந்தக் கம்பி வழியாகத் திடீரென்று பாயவிடுகிறார்கள். நம் வீட்டு ப்யூஸ் கம்பி, ஆபத்து வந்தால் எரிந்துபோனால்தான் நல்லது. இங்கே நேர்மாறு: கம்பி எரியாமல் பிழைக்க வேண்டும்! பிழைத்தால், காவல்காரன் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக மின்சாரத்தைத் திருப்பிவிட்டான் என்று அர்த்தம். எரிந்துவிட்டால் நஷ்டம் சில காசு, கிளைஸ்ட்ரான் தப்பித்தது. திரும்பப் போய்ப் பெட்டியைச் சீர் செய்ய வேண்டியதுதான்.

மூன்றாவது கேள்வி: கொடுத்ததை வாங்கிக்கொள்ள மறுத்தால்? குடத்தின் சுருதி கொஞ்சம் பிசகினால் அது அலையைத் திருப்பி அனுப்பிவிடும். வந்த வழியே திரும்பும் அலை கிளைஸ்ட்ரானையே தாக்கும். இதற்காகப் பல நிலையங்களில் நடுவழியில் ஒரு ரவுண்டானா வைத்திருக்கிறார்கள். காந்தமும் பெரைட் என்ற கல்லும் கொண்ட சாதனம் அது. நம் ஊர் ரவுண்டானாவில் எல்லா வண்டியும் ஒரே பக்கமாகச் சுற்றி அடுத்த தெருவில் இறங்க வேண்டும் அல்லவா? அப்படியே கிளைஸ்ட்ரானிலிருந்து புறப்பட்ட அலை குடத்துக்குப் போகும். குடம் திருப்பிவிட்டால், வந்த தெருவுக்குள் நுழைய முடியாமல் மூன்றாவது தெருவில் இறங்கி, அங்கே காத்திருக்கும் தண்ணீரைச் சூடாக்கிவிட்டு அடங்கும். சோதனைக்கூடத்தில் வேண்டுமென்றே அலையைத் திருப்பி அனுப்பி, இந்த ஒழுங்கு சரியாக நடக்கிறதா என்று பார்க்கிறார்கள். நம் ஊர் ரவுண்டானாக்களுக்கும் இப்படி ஒரு பரீட்சை வைத்தால் தேவலை!

எல்லாவற்றிலும் நொய்யது ஒன்று உண்டு. அதற்கு ஜன்னல் என்று பெயர். ஒரு பக்கம் வெற்றிடம், மறு பக்கம் காற்றோ வேறு வாயுவோ. நடுவில் பீங்கான் வில்லை. அலை அதன் வழியே புகுந்து போக வேண்டும்; காற்று புகக் கூடாது. அதில் அழுக்கு இருந்தாலோ, ஓரிடத்தில் மட்டும் சூடு ஏறினாலோ, கொதிக்கிற பாலை ஊற்றின கண்ணாடி டம்ளர் மாதிரி விரிந்துவிடும். விரிந்தால் வெற்றிடத்துக்குள் காற்று பாய்ந்து, பல மாத வேலை போயிற்று. ஆகவே ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒளி உணரும் கருவி ஒன்று உண்டு. உள்ளே துளி வெளிச்சம் மின்னினால் உடனே சக்தியை நிறுத்திவிடும்.

மனிதர்களுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்பீர்கள். இத்தனை வோல்ட்டில் ஓடும் எலெக்ட்ரான்கள் மோதுகிற இடத்தில் எக்ஸ்ரே பிறக்கும். ஆகையால் குழாய்க்கு ஈயக் கவசம். குடங்களுக்குக் கனத்த கான்கிரீட் அறை. பல நிலையங்களில் ஒரு சாவி ஏற்பாடு உண்டு. அறைக்குள் போகிற ஒவ்வொருவரும் பலகையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். எல்லாச் சாவியும் பலகைக்குத் திரும்பி வராமல் யந்திரம் கிளம்பவே கிளம்பாது. இடுப்பில் சாவிக்கொத்து செருகிய நம் பாட்டிமார் இந்த ஏற்பாட்டைப் பார்த்தால் மெச்சிக்கொள்வார்கள்.

பொறியா, பழக்கமா?

இனித்தான் தோசைக்கல் சமாசாரம்.

செப்புக் குடத்தை எவ்வளவு நுட்பமாகக் கடைந்து மெருகிட்டாலும், அதன் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கும். அங்கே மின்சக்தி குவியும், செம்பு ஆவியாகும், ஒரு பொறி பறக்கும். பறந்த இடத்தில் நுண்ணிய பள்ளம் விழும்.

ஸெர்ன் நிலையத்தில் வருங்கால யந்திரம் ஒன்றுக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அது இன்னும் கட்டப்படவில்லை. அதற்கான செப்புக் குழாய்க்குள் மீட்டருக்குப் பத்துக் கோடி வோல்ட் நிற்க வேண்டுமாம்! நம் வீட்டுச் சுவரில் இருப்பது 230 வோல்ட். இங்கே ஒரு சென்டிமீட்டருக்குள் பத்து லட்சம் வோல்ட். அந்தத் திட்டத்தின் முழு வடிவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழாய்கள் வேண்டும். ஒன்றில் பொறி பறந்தாலும் அந்தத் துடிப்பு வீண். ஆகவே ஒரு மீட்டர் நீளக் குழாய்க்கு, ஒரு கோடித் துடிப்பில் மூன்று பொறிக்கு மேல் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள்.

புதுக் குழாயில் முதல் நாளே பத்துக் கோடி வோல்ட்டை ஏற்றினால் என்ன ஆகும்? பொறி மழைதான். ஆகவே மிகக் குறைந்த சக்தியில், மிகக் குறுகிய துடிப்பில் ஆரம்பிக்கிறார்கள். வெற்றிடமானி கொஞ்சம் துள்ளினால் நிறுத்தி, அடங்கின பிறகு தொடர்கிறார்கள். பொறி பறந்தால் அடுத்த துடிப்புக்கே சக்தியைக் குறைத்து, மெள்ள மெள்ளப் பழைய நிலைக்கு ஏறி, பிறகு அதற்கு மேல் ஓர் இழை. வினாடிக்கு 50 துடிப்பு. ஒரு நாளைக்கு 43 லட்சத்து 20 ஆயிரம். ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய 13 கோடி. இரவும் பகலும் இந்தக் காரியம் மாதக்கணக்கில் நடக்கிறது. இப்போது கம்ப்யூட்டர் கவனித்துக்கொள்கிறது. முன்காலத்தில் மனிதர்கள் முறை வைத்துக்கொண்டு, திருகுமரையைக் கையில் பிடித்தபடி கண் விழித்திருந்தார்கள்.

இந்தப் பழக்கத்தில் எது நன்மை செய்கிறது? நெடுங்காலமாக ஆராய்ச்சியாளர்களில் பலர் எண்ணியது இது: பொறிதான் நன்மை செய்கிறது, மேட்டை எரித்து, அழுக்கைப் போக்கி, இடத்தைச் சுத்தமாக்குகிறது. ஆகவே எத்தனை பொறி பறக்கிறதோ அத்தனை சீக்கிரம் குழாய் பழகும். அடித்து வளர்த்தால் பிள்ளை உருப்படும் என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அந்தக் கட்சி.

ஸெர்ன் ஆராய்ச்சியாளர்கள், வெவ்வேறு இடங்களில் பழக்கிய குழாய்களின் சரித்திரத்தை அருகருகே வைத்து ஒப்பிட்டு, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். சில குழாய்களில் பொறி அதிகம் பறந்திருந்தது, சிலவற்றில் குறைவு. பொறிக் கணக்கை வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. துடிப்புக் கணக்கை வைத்துப் பார்த்தபோது எல்லாம் ஒரே பாதையில் வந்து அமர்ந்தன! அதாவது குழாயைப் பழக்கியது அடிவாங்கிய பொறிகள் அல்ல. பொறியே இல்லாமல் அமைதியாகக் கடந்துபோன கோடிக்கணக்கான துடிப்புகள். ஒவ்வொரு துடிப்பும் செம்பின் மேற்பரப்பை இழை அளவு இழுத்து விடுகிறது. அந்த ஓயாத இழுப்பில் உலோகம் தானே இறுகி உறுதிப்படுகிறது என்று கருதுகிறார்கள்.

இதன் பலன் ஏட்டோடு நிற்கவில்லை. பொறியை விரும்பி வரவழைக்க வேண்டியதில்லை என்று தெரிந்துவிட்டால், ஒவ்வொரு பொறியும் உண்டாக்குகிற பள்ளத்தைத் தவிர்த்து, பொறுமையாகவே ஏற்றிக்கொண்டு போகலாம் அல்லவா? பிள்ளை வளர்ப்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் சொல்லமாட்டேன். அது உங்கள் இலாகா.

இரண்டு வயதுக் குழந்தை

பேத்தி யந்திரத்தைப் பற்றிச் சொல்லுகிறேன் என்றேனே. எலெக்ட்ரான்களை வேகப்படுத்தி ஓர் உலோகத் தகட்டில் மோதவிட்டால் உக்கிரமான எக்ஸ்ரே வரும். அது உடம்பின் ஆழத்தில் இருக்கும் புற்றுக் கட்டியைத் தாக்கும். உலகத்திலேயே முதன்முதலாக இப்படிப்பட்ட யந்திரத்தில் நோயாளிக்குச் சிகிச்சை செய்தது 1953-இல், லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில். அமெரிக்காவில் டாக்டர் ஹென்றி காப்லன் என்பவர், மேலே சொன்ன கின்ஸ்டனோடு கைகோத்து ஒரு யந்திரத்தைச் செய்வித்தார். கிளைஸ்ட்ரானில் ஓடும் யந்திரம்.

1956-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் அதன் முன் ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். வயது இரண்டு. விழித்திரையில் புற்று. ஒரு கண்ணை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. மிஞ்சிய கண்ணிலும் நோய். கட்டியின் மேல் மட்டும் கதிர் விழ வேண்டும். ஒரு நூல் இப்பால் அப்பால் போனாலும் பார்வை போய்விடும். சக்தி கூடினாலும் ஆபத்து; குறைந்தால் நோய் மிஞ்சிவிடும். அந்த நிலையில் கிளைஸ்ட்ரான் ஒரு துடிப்பில் முறுக்கிக்கொண்டு, அடுத்ததில் சோர்ந்துபோனால் என்ன கதி!

சிகிச்சை பலித்தது. அந்தக் கண் பிழைத்தது. குழந்தை வளர்ந்து, அந்த ஒரு கண்ணால் உலகத்தைப் பார்த்தது.

இப்போது உலகில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய யந்திரங்கள் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கின்றன. நம் தமிழ்நாட்டு நகரங்களிலும் இருக்கின்றன. ஸெர்ன் நிலையத்தில் செப்புக் குழாய்களைப் பழக்கினார்களே, அந்த வித்தையைக் கொண்டு, கதிர் முழுவதையும் ஒரு கணத்தில் கொடுத்து முடிக்கும் புதுவிதச் சிகிச்சை யந்திரம் ஒன்றை உருவாக்க, ஸ்விட்ஜர்லாந்தின் லோசான் நகர ஆஸ்பத்திரியோடு சேர்ந்து முயலுவதாக 2020-இல் அறிவித்தார்கள்.

பெஞ்சியில் காத்திருப்பவர்களுக்கு

ஆஸ்பத்திரி புது யந்திரம் வாங்கியதாகப் பத்திரிகையில் படம் வருகிறது. ஆனால் வாரக்கணக்கில் அதில் ஒரு நோயாளியையும் படுக்க வைப்பதில்லை. "இத்தனை பணம் கொட்டி வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார்களே!" என்று நமக்குக் கோபம் வருகிறது. நம் வீட்டு மனிதர் காத்திருக்கும்போது வராமல் இருக்குமா? அந்த வாரங்களில் உள்ளே என்ன நடக்கிறது என்றால், பௌதிகம் படித்த நிபுணர்கள், மனித உடம்புக்குப் பதிலாகத் தண்ணீர்த் தொட்டியை வைத்து, எந்த ஆழத்தில் எவ்வளவு கதிர் விழுகிறது என்று அங்குலம் அங்குலமாக அளந்துகொண்டிருக்கிறார்கள். இங்கேயும் தண்ணீர்தான் சாட்சி!

அதோடு முடிவதில்லை. தினந்தோறும் காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன்னால், யந்திரத்தைச் சூடேற்றி, அன்றைய கதிர் அளவு நேற்றைய அளவோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். இது முறை.

ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாருக்காவது அந்தச் சிகிச்சை வேண்டியிருந்தால், தாமதத்துக்காகச் சண்டை போடுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். "இன்று காலை யந்திரத்தை அளந்து பார்த்தீர்களா? அளந்து குறித்துக்கொள்ளும் பௌதிக நிபுணர் இங்கே இருக்கிறாரா?" கூச்சப்பட வேண்டியதில்லை, மரியாதையாகக் கேட்டால் நல்ல ஆஸ்பத்திரியில் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள். ஏதோ பிசகு தெரிகிறது, இன்று யந்திரம் ஓடாது என்று ஒருநாள் திருப்பி அனுப்பினால், அலைச்சலும் வருத்தமும் இருக்கத்தான் செய்யும்; அடுத்த தேதி எப்போது என்று அங்கேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். ஆனால் பிசகு காலையிலேயே, வெறும் தண்ணீர்த் தொட்டியின் முன் பிடிபட்டதே என்று கொஞ்சம் ஆறுதலும் பட்டுக்கொள்ளலாம். பொறி பறக்க வேண்டிய இடம் சோதனைக்கூடம். கட்டிலில் ஒருவர் படுத்திருக்கும்போது அல்ல.